பம்பைத் தட்டினால் ஓடுகிற கார்

சேவரங்குப்பத்தில் ஒரு பம்பை மேளக் கோஷ்டி இருந்தது. மொத்தம் மூன்று பேர். பம்பை என்கிற இரட்டை மேளத்தை அடிப்பவர் தீர்த்தமலை. அவருடைய மச்சான் பச்சையப்பன் பாட்டுக்காரர். மூன்றாமவர் அங்கமுத்து, கைச்சிலம்பு ஆட்டுவார், மற்ற நேரத்தில் யோசனை சொல்வார். மூவரும் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும், சொன்ன சொல்லில் ஒன்றைக்கூட வீணாக்காமல் அப்படியே செய்வார்கள்.

அவர்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஓட்டுவது பச்சையப்பன். ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி மாம்பாடியில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கரகம் எடுக்கவேண்டும். பம்பைச் சத்தம் கேட்காமல் அங்கே கரகத்தைத் தொடமாட்டார்கள். போன வருஷம் இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இந்தத் தடவையும் லேட்டானால் வேறு மேளம் பார்த்துக்கொள்வதாகத் தர்மகர்த்தா சொல்லியிருந்தார். அதனால் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார்கள்.

பத்தாவது கிலோமீட்டரில் கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

மெக்கானிக் நசீர் பாய்க்குப் போன் போட்டார்கள். டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளுகிற பம்பு மக்கர் பண்ணுகிறது போல, கரண்டு வருகிறதா என்று முதலில் பாருங்கள் என்றார் பாய். அங்கமுத்து உடனே வயலைத் தாண்டி ஓடி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி விசாரித்தார். அந்த அம்மா ஃபேனைப் போட்டே காட்டினார். திரும்பி வந்து, கரண்டு ஜோராக வருகிறது என்று பாயிடம் சொன்னார்.

"கரண்டு வருதுன்னா வேற ஒண்ணுமில்ல," என்றார் பாய். "பின்சீட்டுப் பக்கம் இருக்கிற பம்பை ரெண்டு தட்டு தட்டிட்டு, சாவியைப் போடுங்க."

பின்சீட்டில் இருந்தது பம்பைதான். தீர்த்தமலை அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எந்தத் தாளம் என்று பாய் சொல்லவில்லையே என்று பச்சையப்பனுக்குக் கவலை. இரண்டே தட்டுக்குத் தாளம் கிடையாது என்று அங்கமுத்து தீர்ப்புச் சொன்னார். தீர்த்தமலை இரண்டு தட்டு தட்டினார். பச்சையப்பன் சாவியைப் போட்டார். அது புதருக்குள் விழுந்தது.

தேடி எடுக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் சூடாகிக் கிடந்த பம்பு ஆறிவிட்டதால், சாவியைத் திருகியதும் கார் சாதுவாகக் கிளம்பியது. பாய் கைராசிக்காரர் என்று மூவரும் பேசிக்கொண்டே போனார்கள்.

எட்டு கிலோமீட்டர் தாண்டி மறுபடி நின்றது. மறுபடி பம்பை, மறுபடி புதர். மூன்றாவது தடவை நின்றது ஒரு ஊருக்கு நடுவில். இரண்டு தட்டுப் போதாது என்று தீர்த்தமலை முழு வரிசையும் வாசிக்க, கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்துவிட்டது.

"எனக்கு என்னடா குறை வச்சே?" என்றது அம்மன்.

"உனக்கு ஒரு குறையும் இல்லம்மா," என்றார் அங்கமுத்து பணிவாக. "கரண்டு வருது, வண்டிதான் ஓடல."

பச்சையப்பன் பாய்க்குப் போன் போட்டார். பின்னால் என்ன சத்தம் என்று பாய் கேட்டார். நீங்கள் தட்டச் சொன்னதுதான் என்று இவர் சொன்னார்.  உடனே பாய், தான் வருகிறவரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

அவர் வந்தபோது மூவரும் நடுத்தெருவில் கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள். வியர்வை கண்ணில் இறங்கியும் தீர்த்தமலை துடைக்கவில்லை.

பாய் பின்சீட்டைத் தூக்கினார். பம்புக்குப் போகிற எர்த் வயர் லூசாக ஆடிக்கொண்டிருந்தது. தேய்த்து இறுக்கினார். டேங்க் காலியாக இருந்தால் பம்பு சூடாகும், ஃபுல் டேங்க் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். எதிரே இருந்த பங்கிலிருந்து கேனில் வாங்கி வந்து டேங்கை நிரப்பினார்கள்.

"போங்க. இனிமே இந்த வண்டி எங்கேயும் நிக்காது," என்றார் பாய்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாம்பாடிக்குள் நுழைந்தார்கள். கோயில் வாசலில் தர்மகர்த்தா கையைக் காட்டினார். கார் அவரைத் தாண்டிப் போயிற்று.

"மச்சான், கோயில் போகுதே," என்றார் தீர்த்தமலை.

"எங்கேயும் நிக்காதுன்னு பாய் சொல்லிட்டாரே மாப்ள. நான் என்ன பண்றது?"

அதில் நியாயம் இருந்தது. பச்சையப்பன் கோயிலைச் சுற்றத் தொடங்கினார். தீர்த்தமலை ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுப் பம்பையை முழக்கினார். சத்தம் கேட்டுச் சரியாகப் பன்னிரண்டுக்குக் கரகம் தூக்கினார்கள். மேளம் போகிற இடத்துக்குத்தானே கரகம் போகவேண்டும்? பூசாரி தலையில் கரகத்தோடு காருக்குப் பின்னால் ஓடினார். ஊர் அவருக்குப் பின்னால் ஓடியது.

ஏழாவது சுற்றில் தர்மகர்த்தா மூச்சிரைக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, எப்போதப்பா நிற்பீர்கள் என்று கேட்டார்.

"ஃபுல் டேங்க் போட்டிருக்குங்க, நாளைக்குக் காலையில ஆகிடும்," என்றார் பச்சையப்பன். "கூழ் ஊத்துறப்போ எங்களுக்கு ஜன்னல் வழியா குடுத்துடுங்க."