நாலு டிபி போதுங்களா?

"ஒரு டிபி டிஸ்க் போதுங்களா டீச்சர், இல்ல நாலு டிபியா வாங்கிடட்டுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

வசந்தாமணி டீச்சர் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். மேஜையெல்லாம் முறுக்குத் தூள் உதிர்ந்தது.

"எதுக்கு?"

"ஊட்டுக் கம்ப்யூட்டருக்குங்க. ஹார்டு டிஸ்க் ரொம்பிப் போச்சு. இடமில்லைன்னு செவப்புக் கோடு காட்டுது."

"யாரு கேக்கறது? கம்ப்யூட்டரா, நீங்களா?"

டீச்சர் அப்படித்தான். உடுமலையில் ஒரு மருந்துக்கடை மாடியில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார். வகுப்பில் இருக்கும் அத்தனை பேரும் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் அவரிடம் சந்தேகம் கேட்க எல்லோருக்கும் ஒரு நடுக்கம் உண்டு. கேட்டால் பதில் வராது. வேலைதான் வரும்.

"ரெண்டு பேரும்தானுங்க," என்றார் சென்னியப்பன்.

"உள்ள என்ன இருக்குது?"

"எங்கூட்டுக்காரிங்க."

டீச்சர் கீபோர்டைக் கீழே வைத்தார்.

சென்னியப்பனின் மனைவி ரங்கநாயகிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. டாக்டர்கள் குரல்வளையை எடுத்துவிட்டு ஆளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். மாவாட்டுகிறார், தெருவில் போகிறவர்களைக் கண்ணாலேயே நிறுத்தி நலம் விசாரிக்கிறார். குரல் மட்டும் இல்லை.

அந்தக் குரலில் மிச்சம் ஒரே ஒரு பதிவு. அதுவும் தவறிப் பதிவானது. சென்னியப்பனின் சட்டைப் பையில் கிடந்த போன் எப்படியோ அமுங்கிப் பிடித்து வைத்தது.

"அதுல என்ன பேசறாங்க?"

"என்னையத் திட்டறாங்க." சென்னியப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. "'ஏனுங்க, கண்ணை எங்க வெச்சிருந்தீங்க? அத்தனையும் சொத்தைக் கத்திரிக்கா. உங்க தலையைப் பாத்ததுமே கடைக்காரன் ஒதுக்கி வெச்சதையெல்லாம் அள்ளிக் குடுத்துட்டான்'னு. அப்பறம் குக்கர் சத்தம் வரும். அதோட முடிஞ்சுருதுங்க."

"அது துளியூண்டு இடம்தான புடிக்கும்?"

"ஆமாங்க."

"பின்ன எப்படி டிஸ்க் ரொம்புச்சு?"

"ஸ்பேருங்க," என்றார் சென்னியப்பன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் நூற்பாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு பெல்ட் மிஷினில் ஓடினால், இன்னொன்று ரேக்கில் இருக்க வேண்டும். அந்த ரேக்குக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று மற்றொன்று வேறு ரேக்கில் இருக்க வேண்டும். அவர் இருந்தவரை ஸ்பேர் இல்லாமல் ஒரு மிஷின்கூட நின்றதில்லை. போன மழையில் இடி விழுந்து எதிர்வீட்டு டிவி புகைந்துபோனதைப் பார்த்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த கையோடு, கம்ப்யூட்டரில் இருக்கும் ரங்கநாயகியின் குரலையும் போட்டோக்களையும் கல்யாண வீடியோவையும் மொத்தமாக நகல் எடுத்து, அதே கம்ப்யூட்டரில் வேறொரு பெயரில் போட்டு வைத்தார். அடுத்த வெள்ளிக்கு அந்த நகலையும் சேர்த்து நகல்.

ரங்கா. ரங்கா ஸ்பேர். ரங்கா ஸ்பேருக்கு ஸ்பேர். ரங்கா கடைசி. ரங்கா கடைசிக்கும் கடைசி.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொள்ள ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க ஊட்டுச் சாவிக்கு மாத்துச் சாவி இருக்குதுங்களா?"

"இல்லாம இருக்குமுங்களா?"

"நாளைக்கு வர்றப்ப கொண்டாங்க."

மறுநாள் சென்னியப்பன் தாமதமாக வந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். எதிரூட்டுப் பழனாத்தா கோயிலுக்குப் போயிட்டா. அவ வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னேன்."

"உங்க ஊட்டுச் சாவிக்கு அவங்க எதுக்கு வரோணும்?"

"சாவி அவகிட்டத்தானுங்க இருக்குது."

"உங்க பீரோவுலயே வெச்சிருக்கலாமே."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. படித்த டீச்சர், இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

"மாத்துச் சாவியை ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு ஆராச்சும் போவாங்களா டீச்சர்? அப்பறம் சாவி தொலைஞ்சுதுன்னா எப்படி..."

சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ," என்றார் மெதுவாக. "அத்தனை ஸ்பேரையும் ஒரே டிஸ்க்குலயே வெச்சிருக்கறனே. அது போச்சுன்னா ரங்காவே போயிட்டாளே."

டீச்சர் மேஜை டிராயரைத் திறந்து இரண்டு பென் டிரைவ்களை எடுத்துக் கொடுத்தார்.

"ஒண்ணு பழனாத்தாகிட்ட இருக்கட்டும். இன்னொண்ணு கோயமுத்தூர்ல இருக்கற உங்க பொண்ணுகிட்ட. எந்திரிங்க, உங்க ஊட்டுக்குப் போலாம்."

ரங்கநாயகிதான் கதவைத் திறந்தார். கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு. காப்பியா டீயா என்று கையாலேயே கேட்டார்.

காப்பி குடித்து முடிப்பதற்குள் குரலும் போட்டோக்களும் கல்யாண வீடியோவும் இரண்டு பென் டிரைவ்களிலும் ஏறிவிட்டன.

"இப்ப ஸ்பேரையெல்லாம் அழிங்க," என்றார் டீச்சர்.

சென்னியப்பனுக்குக் கை ஓடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு இருக்கட்டுமுங்களே."

"அழிங்க."

"ஒருக்காக் கேட்டுட்டு அழிச்சர்றனுங்க."

அவர் அந்தப் பதிவை ஓட விட்டார். ஏனுங்க, கண்ணை எங்க வெச்சிருந்தீங்க என்று ஸ்பீக்கரில் ரங்கநாயகியின் கணீர்க் குரல் எழுந்தது. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

ரங்கநாயகி காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். டீச்சர் அதைப் பார்த்தார்.

"இதைத் தெனமும் கேப்பீங்களா?"

"சாயங்காலம் இதைக் கேட்டாத்தானுங்க எனக்குச் சோறே எறங்குது."

"அப்ப அவங்க?"

"அவளுக்கு அந்நேரத்துக்கு உள்ள ஏதாச்சும் வேலை இருக்குமுங்க."

டீச்சர் மவுஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

சென்னியப்பன் அழித்தார். ஒவ்வொரு ஸ்பேருக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். கடைசிக்கும் கடைசியை அழித்தபோது முருகா என்றார். சிவப்புக் கோடு சுருங்கி, ஓரமாக ஒரு சின்ன நீலத் துண்டு மட்டும் நின்றது. மற்றதெல்லாம் வெள்ளை.

"இத்தனை காலியாக் கெடக்குதே," என்றார். வீட்டைக் காலி செய்த மாதிரி இருந்தது அவருக்கு. "இனி இதுல என்னத்தைப் போடறதுங்க டீச்சர்?"

"அவங்களைக் கேளுங்க."

ரங்கநாயகி ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"ஏன் ரங்கா, என்ன போடலாம்?"

ரங்கநாயகியின் உதடுகள் அசைந்தன.

"அவ என்ன சொல்றான்னா..." என்று சென்னியப்பன் ஆரம்பித்தார்.

"உங்களை யாரும் கேக்கலைங்க," என்றார் டீச்சர்.

ரங்கநாயகி கணவனையே சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போனார். டப்பா ஒன்றை நகர்த்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் சின்ன டார்ச் லைட் போல ஒன்று இருந்தது.

சென்னியப்பனுக்கு அது என்னவென்று தெரியும். குரல்வளை போனவர்கள் கழுத்தில் அழுத்திக்கொண்டு பேசுவதற்கான கருவி. ஆபரேஷன் முடிந்து அவர்கள் ஊர் திரும்பும்போது டாக்டர் கொடுத்தது. முதல் நாள் ரங்கநாயகி அதை வைத்துக் கணவனைக் கூப்பிட்டபோது, சென்னியப்பன் தேம்பித் தேம்பி அழுதார். இது உன் குரல் இல்லை, வேண்டாம் ரங்கா, எடுத்து வை என்றார். ரங்கநாயகி எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு சென்னியப்பன் அந்தக் கருவியைக் கண்ணாலும் பார்க்கவில்லை.

"அதுல சார்ஜே இருக்காது ரங்கா," என்றார்.

பச்சை விளக்கு எரிந்தது.

ரங்கநாயகி துணியைச் சற்று விலக்கி, கருவியைக் கழுத்தில் அழுத்தினார். ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரு ரீங்காரம். அதற்குள்ளிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாக, தெளிவாக வெளியே வந்தன.

"ஏனுங்க."

சென்னியப்பன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கும். சொத்தைக் கத்திரிக்காதான். வாங்கியாந்திருக்கறீங்க."

சென்னியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நீ எப்ப ரங்கா பழகுன?"

"பழனாத்தாகிட்ட. நீங்க. கிளாசுக்குப் போறப்ப."

ரங்கநாயகி கருவியைக் கீழே இறக்கினார். அது அப்படியே மறுபடி டப்பாவுக்குப் பின்னால் போக வேண்டுமா என்று கேட்பதுபோல், அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சென்னியப்பனுக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவளை வாயடைக்க வைத்துவிட்டேனே என்று நொந்துகொண்டார். மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு அவசரமாகக் கம்ப்யூட்டரோடு இருந்த மைக்கை எடுத்து ரங்கநாயகியின் பக்கம் நீட்டினார்.

"இரு ரங்கா. இரு. அதை இன்னொருக்காச் சொல்லு."

டீச்சர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியதை இருவரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் சென்னியப்பன் வகுப்புக்கு வரவில்லை. ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்தார். கண்ணெல்லாம் தூக்கம். வாயெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், நாலு டிபி வாங்கிடட்டுங்களா?"

"யாரு கேக்கறது? கம்ப்யூட்டரா, நீங்களா?"

"ரெண்டு பேரும் இல்லீங்க. ரங்காதான் கேக்கச் சொன்னா. இத்தனை நாள் பேசாததையெல்லாம் இப்ப பேசோணுமாம்."

டீச்சர் கையிலிருந்த கீபோர்டைக் கீழே வைத்தார்.

"அப்ப எட்டா வாங்கிக்கங்க."