எலுமிச்சம்பழமும் பிரேக்கும்

எங்கள் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது முத்தரசி அக்கா. பிரேக் பிடிக்கவில்லை என்று மேனேஜர் தனஞ்செயனிடம் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். போன வாரம் சரிவில் வண்டி நழுவி, மூட்டை தூக்கும் காசி அண்ணனின் கால் மயிரிழையில் தப்பியது. அதற்கும் அந்த மேனேஜர், "பயமா இருந்தா சாவிய வச்சிட்டு வீட்டுக்குப் போ" என்றான்.

ஆயுத பூஜைக்கு முதலாளி வந்தார். மேனேஜர் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "வண்டி ஜம்முனு இருக்கு முதலாளி" என்று குழைந்தான். "ஏய் முத்தரசி, சரிவுல இறக்கு!"

அக்கா ஏறி உட்கார்ந்தாள்.

"சார், கற்பூரத் தட்டோட சரிவுக்குக் கீழ போய் நில்லுங்க. பழத்த நசுக்கிட்டு நேரா வந்து, உங்க முன்னாடி நிறுத்துறேன்."

மேனேஜர் காசி அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். "நான் எதுக்கும்மா? காசிய நிக்கச் சொல்லு."

"வண்டிதான் ஜம்முனு இருக்கே சார்?"

"ஏன்யா, நீயே நில்லேன்" என்றார் முதலாளி.

மேனேஜர் தட்டை வண்டி மேலேயே வைத்துவிட்டு விலகினான். "பிரேக்கு... கொஞ்சம் பாக்கணும் முதலாளி."

அக்கா சாவியை உருவி அந்தத் தட்டிலேயே போட்டாள். "காசி நின்னா மட்டும் பிரேக் பிடிக்குமா சார்?"

முதலாளி ஒரு போன்தான் போட்டார். பொரி தின்று முடிப்பதற்குள் மெக்கானிக் வந்து நின்றான். அவன் கடை எதிர்த் தெருவில்தான் இருக்கிறது.