ரயில்வே கேட் மணி வார்த்தையை விட்ட கதை

அந்தக் காலத்தில் ரயிலுக்கு வாய் இருந்தது. இப்போது கூவென்று கத்துகிறதே, அந்த வாயைச் சொல்லவில்லை. நல்லது கெட்டது பேசுகிற வாய். ஆடு பேசியது, ஆந்தை பேசியது, ரயில் மட்டும் ஊமையாகவா இருக்கும்?

பேசியது மட்டுமா, மரியாதையும் கற்றுக்கொண்டது. புதிதாக வந்த நாளில் அதற்கு ஒன்றும் தெரியாது. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது, "சரி, நான் போறேன்" என்று சொல்லிவிட்டது. வழியனுப்ப வந்திருந்த பெண்களுக்குப் பகீரென்றது.

"ஐயையோ! கிளம்புற நேரத்துல என்ன பேச்சு இது? போறேன்னா சொல்லுவாங்க? போயிட்டு வர்றேன்னு சொல்லு!" என்று ஆளாளுக்குக் கண்டித்தார்கள்.

ரயில் நாக்கைக் கடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த ஊரை விட்டுக் கிளம்பினாலும், சக்கரம் உருளுவதற்கு முன்னால், "போயிட்டு வர்றேன்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பும். நம் வீட்டுப் பிள்ளைகளே இத்தனை ஒழுங்காகச் சொல்வதில்லை.

அந்த ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ஒரு வளைவு தாண்டி, மண்பாதை ஒன்று தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து போனது. கேட் கிடையாது, விளக்கு கிடையாது, மணி கிடையாது. அந்த இடத்தில், தண்டவாளத்தை ஒட்டிக் கொட்டியிருந்த ஜல்லிக்கல்லுக்கு நடுவே, ஓர் ஆள்காட்டிக் குருவிக் குடும்பம் குடியிருந்தது. பெண்சாதி பெயர் மூக்காயி. புருஷன் பெயர் கண்ணுச்சாமி. இரண்டு பேருக்கும் கண்ணோரத்தில் செக்கச் செவேலென்று ஒரு தோல் தொங்கும், குங்குமத்தைக் குழைத்து அப்பியது போல.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது, தரையில்தான் முட்டையிடும். போன மழைக்கு மூக்காயி கண்மாய்க் கரையோரம் இட்டாள். கண்மாய் நிரம்பி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. அதற்கு முந்தின தடவை தரிசு நிலம்தானே என்று நம்பி இட்டாள். மறுநாளே ஏர் பூட்டி உழுதுவிட்டார்கள். இந்தத் தடவைதான் ஜல்லிக்கு நடுவே நான்கு முட்டை. கல் எது, முட்டை எது என்று பருந்துக்குக்கூடத் தெரியாது. உள்ளே குஞ்சு அசையத் தொடங்கியிருந்தது.

"இதுவும் போச்சுன்னா நான் தாங்க மாட்டேங்க, சொல்லிட்டேன்" என்று மூக்காயி தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். கண்ணுச்சாமி பதில் சொல்ல மாட்டான். வெயில் ஏறியதும் கண்மாய்க்குப் பறந்து போவான். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, சுடுகிற கல்லுக்கு நடுவே முட்டைமேல் உட்கார்ந்து குளிரவைப்பான். அவனுக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான்.

மூக்காயியோ அவனுக்கும் சேர்த்துப் பேசினாள். பாதையில் யார் வந்தாலும் ஓடிப் போய், "நில்லுங்க, ரயில் வருது" என்றோ, "தாராளமாப் போங்க, ரயில் போயிருச்சு" என்றோ சொல்லுவாள். யாரும் அவளை இந்த வேலைக்கு வைக்கவில்லை. அவள் சொல்லைக் கேட்டு நாலு பேர் நிற்பதும் நடப்பதும் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு தொல்லை. பேசுகிறவளிடம் எதிர்ப்பேச்சுப் பேசாமல் விடுவார்களா?

"வருதா? எவ்வளவு தூரத்துல வருது?" என்று கேட்கும் வெள்ளாடு. "அந்தப் பனைமரம்கிட்ட" என்பாள். "பனைமரம்தானே? அதுக்குள்ள நான் அந்தப் பக்கம் போய், ஒரு வாய் மேய்ஞ்சிட்டே திரும்பிருவேனே!" என்று சொல்லித் தாண்டிவிடும்.

"ஏ புள்ள, வருதுன்னா வருதுன்னு சொல்லிட்டு நிறுத்தேன். கேக்குறதுக்கெல்லாம் எதுக்குப் பதில் சொல்லுற?" என்பான் கண்ணுச்சாமி.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும். உங்கள மாதிரி உம்முன்னு இருந்தா இந்தக் காட்டுல நம்மள யாரு மதிப்பா?" என்பாள் மூக்காயி. தவளை தன் வாயால் கெடுகிற பழமொழியும் நம்மிடம் உண்டு. அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஒரே ஒரு ரயில்தான். காலையில் கிழக்கேயிருந்து வந்து, பாதையைக் கடந்து, ஸ்டேஷனில் நிற்கும். அங்கே "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மேற்கே போய்விடும். சாயங்காலம் மேற்கேயிருந்து திரும்பி வந்து அதே ஸ்டேஷனில் நிற்கும். அதே "போயிட்டு வர்றேன்" சொல்லிவிட்டுப் பாதையை நோக்கி வரும். சொல் ஒன்றுதான். காலையில் கேட்டால் போகிறது என்று அர்த்தம், சாயங்காலம் கேட்டால் வருகிறது என்று அர்த்தம். மூக்காயிக்கு இது மனப்பாடம். ரயிலைப் பெற்றவள் மாதிரி அதன் போக்குவரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அன்றைக்குக் கிழக்கே ஓர் ஊரில் அம்மன் கோயில் தேர். காலை ரயில் வழக்கம் போலப் பாதையைக் கடந்து ஸ்டேஷனுக்குப் போயிற்று. அங்கே தேர் பார்க்கப் போகிற கூட்டம் பிளாட்பாரம் கொள்ளாமல் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் ரயிலிடம், "இன்னைக்கு நீ மேற்கே போக வேண்டாம். இவங்களை ஏத்திக்கிட்டு வந்த வழியே திரும்பிரு" என்றார். ரயிலும் சரி என்றது. இதெல்லாம் வளைவுக்கு இந்தப் பக்கம் இருந்த மூக்காயிக்கு எப்படித் தெரியும்?

அந்த நேரம் பார்த்து மந்தையம்மாள் என்ற எருமை, கன்றை இழுத்துக்கொண்டு பாதையில் வந்தாள். கண்மாயில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் கிடக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"ஏட்டி மூக்காயி, ரயிலு கியிலு வருதா?"

மூக்காயி வாயைத் திறப்பதற்குள் வளைவுக்கு அப்பாலிருந்து கணீரென்று கேட்டது: "போயிட்டு வர்றேன்!"

"கேட்டீங்களா மதினி? சொல்லிட்டுக் கிளம்பிருச்சு. இனிச் சாயங்காலம்தான். நீங்க நிதானமாப் போங்க" என்றாள் மூக்காயி. எருமையிடம் போய் யாராவது நிதானமாகப் போ என்று சொல்வார்களா? சொன்னாள்.

முட்டைமேல் உட்கார்ந்திருந்த கண்ணுச்சாமி தலையைத் தூக்கினான். "ஏ புள்ள, கொஞ்சம் பொறு. கல்லு நடுங்குது."

"நீங்க சும்மா இருங்க. அதுதான் தன் வாயாலேயே சொல்லிருச்சே! அதைவிட உங்க கல்லு பெருசா?"

மந்தையம்மாள் தண்டவாளத்தில் ஏறினாள். நடுவில் நின்று, கன்று வருகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். கன்றும் வந்து இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் நின்றுகொண்டு, வெயிலில் மினுங்குகிற இரும்பை நக்கிப் பார்த்தது. புதுசாக ஒன்றைக் கண்டால் குழந்தை சும்மா வருமா?

வளைவில் ரயிலின் முகம் தெரிந்தது. ரயிலும் அவர்களைப் பார்த்துவிட்டது. பதறிப் போய், "வர்றேன்! வர்றேன்!" என்று கத்தியது.

மந்தையம்மாள் அசையவில்லை. "என்ன மரியாதை பாரு, எத்தனை தடவை சொல்லிக்குது! சரி சரி, போயிட்டு வா" என்றாள்.

மூக்காயி இறக்கையை அடித்துக்கொண்டு பறந்து வந்தாள். "மதினி! வருது மதினி! ஓடுங்க!"

"இப்பத்தானேட்டி போகுதுன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்! ஓடுங்க!"

"எது தப்பு? அப்பச் சொன்னதா, இப்பச் சொல்றதா? ஒண்ணை உருப்படியாச் சொல்லு" என்று தண்டவாளத்தின் நடுவே நின்று நியாயம் கேட்டாள் எருமை. எருமைமாட்டு மேல் மழை பெய்தால்கூட ஒரு காதாவது ஆடும்.

கண்ணுச்சாமி அதற்குமேல் காத்திருக்கவில்லை. முட்டையை விட்டு எழுந்தான். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ரயிலை எதிர்த்து விறுவிறுவென்று ஓடிப் போய் நின்றான். குருவிக்குக் கண் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறதல்லவா? நேரே பார்க்க வராது. இடது கண்ணால் பார்த்தான், தலையைத் திருப்பி வலது கண்ணால் பார்த்தான், மறுபடி இடது, மறுபடி வலது. கண்ணோரத்துச் சிவப்பு வெயிலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறிப் பளிச்சிட்டது. அதைக் கண்டதும் ரயில் உடனே நிற்கப் பார்த்தது. தன் பலத்தையெல்லாம் கூட்டிச் சக்கரத்தைப் பிடித்தது. ஆனாலும் அத்தனை இரும்பு, நினைத்த மாத்திரத்தில் நிற்குமா? தீப்பொறி பறக்கத் தேய்த்துக்கொண்டு வந்தது.

மூக்காயி பார்த்தாள். இனிப் பேசிப் புரியவைக்க நேரமில்லை. போட்டது போட்டபடி அவர்களை மிரண்டு ஓடவைக்க வேண்டும். மிரண்டால் எருமை முன்னால் பாயும். கன்றுக்கு முன்னால் தாயின் உடம்பு மறிக்கிறது, அது பின்னால்தான் திரும்பும். பின்னால், பாதையோரத்து ஜல்லியில், அவளுடைய நான்கு முட்டை இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தன் பிள்ளைகள் பிழைக்கும். மந்தையம்மாள் பிள்ளை போய்விடும்.

போங்க என்று சொன்னவள் நான்தானே என்று நினைத்தாள். அவ்வளவுதான், கத்திவிட்டாள்.

அது வார்த்தை இல்லை. வருது என்றில்லை, ஓடு என்றில்லை. டிட்டீ, டிட்டீ, டிட்டீ என்று அடிவயிற்றிலிருந்து மூச்சுவிடாமல் ஒரே சத்தம். எதிர்ப்பேச்சுப் பேச அதில் ஒன்றுமில்லை. அப்போதுதான் மந்தையம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே பாய்ச்சலாக அந்தப் பக்கம் பாய்ந்தாள். கன்று துள்ளித் திரும்பி இந்தப் பக்கம் ஓடியது. அதன் குளம்பு ஜல்லியில் பட்டது.

ரயில் கன்று நின்ற இடத்தையும் தாண்டி வந்து, பின்வாங்கிக்கொண்டே வந்த கண்ணுச்சாமியின் அலகை இடிக்காத குறையாக நின்றது.

கன்றுக்கு ஒரு கீறல் இல்லை. தாயும் பிள்ளையும் ஒன்றையொன்று நக்கிக்கொண்டன. மூக்காயி ஜல்லிக்குப் போய்ப் பார்த்தாள். நான்கில் ஒன்றுகூட முழுசாக இல்லை. அவள் ஒப்பாரி வைக்கவில்லை. அத்தனை பேசுகிறவள் பேசாமல் நின்றது பார்க்கப் பொறுக்கவில்லை.

கண்ணுச்சாமியை எங்கும் காணோம். வெயில் ஏறியிருந்ததா, பழக்கத்தில் கண்மாய்க்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்துவிட்டான். வந்த பிறகுதான் உட்கார இடமில்லை என்று அவனுக்கு உறைத்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட முட்டை ஓட்டின் பக்கத்தில் நின்றான். மூக்காயி நகர்ந்து வந்து அவனை ஒட்டி நின்றுகொண்டாள்.

ரயிலுக்கு அழுகை வந்தது. "எனக்குச் சொல்லிக் குடுத்தபடிதானே சொன்னேன்? அங்கே போறதும் இங்கே வர்றதும் ஒரே சொல்லாப் போச்சே! இனி எனக்கு வார்த்தையே வேண்டாம்" என்றது. அதுதான் ரயில் கடைசியாகப் பேசியது. கூவென்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மெள்ள நகர்ந்து போனது.

மறுநாளும் பாதையில் ஆட்கள் வந்தார்கள். "மூக்காயி, ரயில் வருதா?" என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை. ரயில் வரும்போது மட்டும் டிட்டீ என்று ஆரம்பித்தாள், அது கடந்து போகிறவரை நிறுத்தவில்லை. கண்ணுச்சாமி தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றித் திருப்பினான். "எவ்வளவு தூரத்துல வருது?" என்று வெள்ளாடு கேட்டுப் பார்த்தது. சத்தம்தான் வந்தது. வேறு வழியில்லாமல் அதுவும் நின்றது.

தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டு நடக்கிற பால்வண்ணன் என்ற ரயில்வே ஆள் இதைப் பார்த்துக்கொண்டே போவார். சில மாதம் கழித்து மூக்காயிக்கு மறுபடியும் முட்டையிடுகிற காலம் வந்தது. இந்தத் தடவையாவது இவர்கள் நிம்மதியாக அடைகாக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது. பாதையோரம் ஒரு கம்பம் நட்டார். கண்ணுச்சாமியின் கண்ணைப் போல அதில் இரண்டு சிவப்பு விளக்கை வைத்தார், ஒன்று மூடும்போது ஒன்று விழிக்கிற மாதிரி. மேலே ஒரு மணியைக் கட்டினார்.

அந்தக் காலத்தில் மணிக்கும் வாய் இருந்தது. புது வேலைக்காரனுக்கு உள்ள ஆர்வத்தோடு அது மூக்காயியைக் கேட்டது: "அம்மா, ரயில் வந்தா நான் என்ன சொல்லட்டும்? வருதுன்னு சொல்லவா, நில்லுங்கன்னு சொல்லவா? எவ்வளவு தூரம்னு கேட்டா என்ன சொல்ல?"

அத்தனை நாளும் வார்த்தை பேசாமலிருந்த மூக்காயி அன்றைக்கு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் சொல்லாதப்பா. யாரு கேட்டாலும் சொல்லாத. அடிச்சுக்கிட்டே இரு."

சொல்லிவிட்டு, கண்ணுச்சாமியைக் கூட்டிக்கொண்டு ஏர் போகாத மேட்டுத் தரிசுப் பக்கம் முட்டையிடப் பறந்து போனாள்.

அன்று முதல்தான் ரயில்வே கேட்டில் இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி விழிக்கின்றன. ரயில் எங்கே வருகிறது, ஓர் எட்டுத் தாண்டிவிடலாமா என்று யார் எத்தனை அவசரத்தோடு வந்து நின்று கேட்டாலும், மணி ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது.