அம்மி ஏன் வாய் திறப்பதில்லை

“பாதிக்கு மேல நான்தான் இருக்கேன். ஆனா எனக்கு ஒரு பேருகூட இல்லை. உழைக்கிறது நானு, மினுக்குறது இவ!”

கல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அங்காயி வீட்டு அம்மி விடிந்ததிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வாய் என்றால் அங்காயி பொறுத்துப் போயிருப்பாள். கருங்கல்லில் மூன்று கல் கலந்திருக்கும், அதனால் அதற்கு மூன்று வாய்.

மூத்தவன் வெங்கச்சான். கண்ணாடி போலிருப்பான், எவருக்கும் இளக மாட்டான். கடைக்குட்டி காக்காப்பொன் ஏடு ஏடாக உரிவாள், வெயில் பட்டால் மினுங்குவாள், வேறு வேலை தெரியாது. நடுவில் வெளிர்சிவப்பாக ஒருத்தி. இன்றைக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் அவளை ஃபெல்ஸ்பார் என்கிறது. அன்றைக்கு அவளை யாரும் கூப்பிட்டதே இல்லை, பெயர் எங்கிருந்து வரும்?

“நீயா உழைக்கிறவ?” என்றான் வெங்கச்சான். “என் பல்லு இல்லாட்டி ஒரு மிளகு உடையுமா? நாலு மழை பட்டாச் சேறாப் போறவதானே நீ?”

“அக்காளுக்கு என் பளபளப்பைப் பார்த்து வயித்தெரிச்சல்” என்றாள் காக்காப்பொன்.

அங்காயிக்கு இதைக் கேட்க நேரமில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் பாவாயி பெண் குழந்தை பெற்று உள்ளே படுத்திருந்தாள். பால் சுரக்கவில்லை. சுக்கும் மிளகும் திப்பிலியும் விழுதாக அரைத்துக் கொடுத்தால்தான் சுரக்கும். குழந்தையோ பசியில் அழுது களைத்துக் கண்ணை மூடும். இந்த மூன்றும் கத்தும். அது வீறிட்டு எழும். மறுபடி முதலிலிருந்து.

“அம்மா, அதுகளைச் சும்மா இருக்கச் சொல்லேன்.”

“நான் சொல்லி எது கேட்டிருக்கு, உங்கப்பனையும் சேர்த்து?”

ஒன்று சொல்ல வேண்டும். விழுது பதமாக அரைபட்டதும் மூன்றும் ஒரே குரலில் “போதும், வழிச்சிடு” என்று சொல்லிவிடும். அதனால் அங்காயி அம்மியைப் பார்த்து அரைத்ததே இல்லை. கை இங்கே இருக்கும், கண் அடுப்பில் இருக்கும். மூன்றும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

“இந்தக் குடித்தனம் எனக்கு வேண்டாம். எங்களைப் பிரிச்சுவிடு!” என்று வெங்கச்சான் இரைந்தான். குழந்தை மறுபடி எழுந்தது.

அங்காயிக்குத் தலைக்கேறிவிட்டது. அடுப்புத் தணலை வாரி அம்மி மேல் கொட்டினாள். கல் காய்ந்து கனன்றதும் ஒரு குடம் பச்சைத் தண்ணீரைக் கவிழ்த்தாள். சடாரென்று அம்மி மூன்று குவியலாகச் சிதறியது.

“போங்க, அவங்கவங்க வழியைப் பாருங்க!”

போனார்கள். வெங்கச்சான் ஆற்றில் மணலாக விழுந்தான். நடுவில் உள்ளவள் குளத்தில் களிமண்ணாகக் கரைந்தாள். காக்காப்பொன் வண்டிப்பாதையில் மினுங்கிக்கொண்டு படுத்துக்கொண்டாள். வீடு அடங்கியது. குழந்தை தூங்கியது. அப்பாடா என்று உட்கார்ந்த அங்காயியின் கண் முறத்திலிருந்த சுக்கில் விழுந்தது.

இனி எதில் அரைப்பது?

சுக்கையும் மிளகையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடி மணலில் அரைத்தாள். மருந்து நறநறவென்று மணலாக வந்தது. குளத்தில் சேறாக வந்தது. வண்டிப்பாதையில் விரல்தான் மினுங்கியது, மிளகு முழுசாகக் கிடந்தது. திரும்பி வந்தால் குழந்தை வாயைத் திறந்து அழுகிறது, சத்தம் வரவில்லை.

வாசலில் நின்று இருவரைப் பெயர் சொல்லியும், பெயரில்லாதவளை “ஆத்தா” என்றும் கூப்பிட்டாள். “உங்க நியாயம் எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைக்குப் பால் வேணும். சேர்ந்து வாங்க!”

“பூமிக்கு அடியில போய் உருகினாத்தான் ஒட்டுவோம்” என்று ஆற்றிலிருந்து குரல் கொடுத்தான் வெங்கச்சான். “அப்புறம் மெல்ல ஆறணும். வாயைத் திறந்தா சண்டை வரும், சண்டை வந்தா விரிசல் விடும்.”

“அப்பத் திறக்காதீங்க! இனி என்னைக்குமே திறக்காதீங்க!”

சொல்லிவிட்டாள். அவர்களும் சரியென்றார்கள். நடுவில் உள்ளவள் மட்டும் ஒன்று கேட்டாள். “மேல தேய்ஞ்சா அப்பப்ப உளி வச்சுக் கொத்திவிடு. கீழே கிடக்கிற நாங்களும் மேலே வரணும்.” அவசரத்தில் தங்கள் துகள்களில் பாதியை ஆற்றிலும் குளத்திலும் பாதையிலும் விட்டுவிட்டே மூவரும் பூமிக்குள் இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் பின்னால் கருங்கல் கரடாக, சிறு குன்றாக எழுந்து நின்றார்கள்.

அங்காயி அதில் ஒரு பாளத்தைப் பெயர்த்துக் கொத்தி, மருந்தை வைத்து அரைத்தாள். அரைத்துக்கொண்டே இருந்தாள், அந்தக் குரலுக்காக. வரவில்லை. கடைசியில் விழுதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துத் தானே வழித்தாள். பால் சுரந்தது. குழந்தை குடித்தது.

அம்மியை அவ்வப்போது கொத்த வேண்டியிருப்பதும், அரைக்கிறவள் விழுதை விரலால் தேய்த்துப் பார்ப்பதும் அன்று முதல்தான்.

மறுநாளும் அரைக்க உட்கார்ந்தாள். குழந்தை வயிறு நிறைந்து தூங்கியது. வீட்டில் ஒரு சத்தமில்லை. அங்காயி குழவியை நிறுத்திவிட்டு அம்மியின் மேல் குனிந்தாள்.

“பிள்ளை நல்லாத் தூங்குறா, எழுந்துக்க மாட்டா. சண்டையெல்லாம் வேண்டாம். போதுமா, வழிக்கட்டுமா, அதை மட்டும் சொல்லுங்களேன்.”