முந்திக்கொண்ட கட்டளை

“டீச்சர், நீங்க குடுத்த அந்த ரெடிமேட் கோடு லைப்ரரி டூப்ளிகேட் சரக்கு. வேலைக்கே ஆகாது.”

படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே, டீச்சரின் மூடிய கதவைப் பார்த்துக் கதிரேசன் தொடங்கிவிட்டார்.

பழைய பைக் வாங்கி விற்ற தரகர். தலை நரைத்த பிறகு, இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி கற்க வந்தவர். சொல்லிக்கொடுக்கும் ஷர்மிளாவுக்கு அவர் மகள் வயது.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு பெண்கள் விடுதிக்கு இணைய விண்ணப்பப் பக்கம். இன்று பத்து மணிக்குத் திறக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பதாக வார்டன் சொல்லிவிட்டார்.

“‘அனுப்பு’ பட்டனைத் தொட்டா விண்ணப்பம் போகணும். போகல. தப்புன்னுகூடச் சொல்ல மாட்டேங்குது, கல்லு மாதிரி நிக்குது. நான் என்ன குறை வச்சேன்? பக்கத்தோட உச்சியிலயே, ‘பட்டனைத் தொட்டா அனுப்பு’ங்கிற என் கட்டளையை வச்சேன். பெயர்க் கட்டம், ஊர்க் கட்டம், பட்டன் எல்லாம் அதுக்குக் கீழதான். வண்டிச் சந்தையில முதல்ல வாய் திறக்கிறவனுக்குத்தான் வண்டி. இங்க மட்டும் என்ன கேடு?”

கதவு திறக்கவில்லை.

“கோவமா டீச்சர்? வகுப்புல குறுக்க குறுக்கப் பேசினது தப்புதான். அதுக்காக இப்படியா? இதுவும் போச்சுன்னா மறுபடி சந்தையிலதான் போய் நிக்கணும். அங்க இப்ப என்னை யாருக்குத் தெரியும்?”



பின்னால் செருப்புச் சத்தம். பால் பாக்கெட்டோடு ஷர்மிளா படியேறி வந்தாள்.

“என்னண்ணே, தனியா நிக்கிறீங்க?”

கதிரேசன் கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“எல்லாத்தையும் சொல்லிட்டேனே டீச்சர்.”

“யாருகிட்ட?”



அவள் சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

“இப்ப சொல்லுங்க.”

கதிரேசன் மடிக்கணினியை விரித்தார்.

பக்கம் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத்தான் உருவாகும்; உச்சியில் இருந்த கட்டளை பட்டனைத் தேடியபோது பட்டனே வந்திருக்கவில்லை. ‘பக்கம் முழுசா வந்த பிறகு’ என்று காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி அந்த லைப்ரரியில் உண்டு. வகுப்பில் அதை வெட்டி வரி என்று தள்ளியவர் அவர்தான். இப்போது தன் கட்டளையைத் தூக்கி அதற்குள் வைத்தார்.

பட்டனைத் தொட்டார்.

விண்ணப்பம் போனது.



“டீச்சர், நான் கூப்பிட்டப்ப பட்டன் பால் வாங்கப் போயிருந்திருக்கு.”