வசந்தாமணியின் கியர் ராடு

"இந்தக் கியர் ராடை வெட்டிக் குட்டையாக்கித் தரணுமுங்க" என்றார் தெய்வசிகாமணி.

வாத்தியாரம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"எதுக்குங்ணா?"

"எட்ட மாட்டேங்குது."

"எது?"

"ரெண்டாவது கியரு. அதைத் தேடிப் புடிக்கறதுக்குள்ள மேட்டுல வண்டி நின்னுருது. பின்னாடி வர்றவன் ஆரன் அடிக்கறான். ஒருத்தன் எறங்கி வந்து, பெருசு பஸ்ல போங்கன்னுட்டுப் போறான்."

வாத்தியாரம்மா சிரிக்கவில்லை. சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

அவர் பெயர் பிரமிளா. வடவள்ளியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரு காலத்தில் கார்ப் பந்தயங்களில் புழுதி கிளப்பியவர். இப்போது ஒரே வாசலுக்குள் இந்தப் பக்கம் டிரைவிங் ஸ்கூல், அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்களும், நன்றாக ஓடுகிற காரை நோண்டிப் பார்க்க வருபவர்களும் அந்த ஒரே வாசலில் நுழைய வேண்டும்.

கியர் ராடைக் குட்டையாக்குவதில் அவருக்குத் தனிப் பெயர் உண்டு. ராடின் அடியில் ஒரு மூட்டு இருக்கிறது. மூட்டுக்கு மேலே இருக்கும் நீளத்தைக் குறைத்தால், கை நகர வேண்டிய தூரமும் குறையும். மணிக்கட்டை அசைத்தாலே கியர் விழும். இதற்காக ஈரோட்டிலிருந்துகூட இளவட்டங்கள் வருவார்கள். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்து கேட்டது அன்றைக்குத்தான்.

அவரும் அங்கே படித்த மாணவர்தான். கல்யாணத்துக்கு முன்பு ஒரு மொபெட்டை எருமைமாட்டின் மேல் ஏற்றியதிலிருந்து வண்டி என்றாலே ஒதுங்கிப் போனவர். மனைவி வசந்தாமணி இறந்த பிறகு, அவள் விட்டுப் போன காரை ஓட்டியே தீருவேன் என்று வந்து நின்றார். வாத்தியாரம்மா கற்றுக் கொடுத்தார். ஸ்கூல் காரில் நன்றாகவே ஓட்டினார்.

வசந்தாமணியின் காரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக இங்கே கொண்டுவந்திருந்தார்.

"ஸ்கூல் வண்டியில உங்களுக்கு ரெண்டாவது கியர் தானா விழுந்துச்சேங்ணா."

"அது வேற வண்டிங்க. இது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"வெட்டிட்டாக் கேக்குமா?"

"கேக்காட்டி வித்துப்போடுவேன்."

சொன்னவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். விற்க மனசில்லாதவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

வாத்தியாரம்மா எழுந்தார். ஷெட்டின் மூலையில் அவருடைய பழைய பந்தயக் கார் நின்றது.

"ஏறி உக்காருங்க. கிளச்சை மிதிச்சிட்டு ரெண்டாவது போடுங்க."

அதில் ராடு சாண் உயரம்கூட இல்லை. தெய்வசிகாமணி குமிழைப் பிடித்து இழுத்தார். நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். 'டக்' என்று விழுந்தது.

"இறுக்கமா இருக்குதே."

"தூரம் கொறைஞ்சா பலம் போட்டுத்தான் ஆகணும். நீளமா இருந்தா தூரம் ஜாஸ்தி, ஆனா வெரலால தள்ளுனாப் போதும். ரெண்டும் சேந்து கெடைக்காதுங்ணா."

"இது போதும். இதே மாதிரி பண்ணிக் குடுங்க."

"கை நோகும்."

"நோகட்டும்."

வாத்தியாரம்மா காரின் கதவில் சாய்ந்து நின்று அவரையே பார்த்தார்.

"யாரு மேலங்ணா கோவம்?"

"யாரு மேலயும் இல்லீங்க."

"சரி. உங்க வண்டிச் சாவியைக் குடுங்க. கொஞ்ச தூரம் போயிட்டு வந்து அப்புறம் வெட்டலாம். நான் ஓட்டறேன். நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க."

"நான் எதுக்குங்க? எனக்கு அந்தப் பக்கம் உக்காந்து உக்காந்து சலிச்சுப் போச்சு."

"வாத்தியார் சொன்னாக் கேக்கணும்."

இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. தெய்வசிகாமணி இடப்பக்கம் ஏறினார். ஏறியதும் கால்கள் இரண்டையும் ஒடுக்கிக் கதவோடு ஒட்டிக்கொண்டார். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கார் மருதமலை ரோட்டில் திரும்பியது.

அந்த ரோடுதான் அவரைப் பேச வைத்தது.

"கிருத்திகைக்குக் கிருத்திகை இதுலதான் வருவமுங்க. அவ ஸ்கூல்ல பி.டி. டீச்சர். அவ சம்பாத்தியத்துல அவளே வாங்கின வண்டி. பம்புசெட் கடைக்காரன் பொண்டாட்டி ஓட்டறா, புருசன் பக்கத்துல பொம்மையாட்டம் உக்காந்துட்டுப் போறான்னு சொந்தக்காரங்க சிரிப்பாங்க. அவ கண்ணாடியை எறக்கி விட்டுட்டு, ஆமா, பொம்மையைச் சாமிகிட்டக் காட்டப் போறேன்னுவா."

"நல்லாத்தான் சொல்லிருக்காங்க."

"மேல ஏறும்போது முறுக்கு வாங்கிக்குவோம். நான் ஒடச்சு ஒடச்சுக் கையில குடுப்பேன். ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காம வாங்கித் தின்னுக்குவா. மழை பெய்ஞ்சா அவளுக்குக் கொண்டாட்டம். வைப்பரை நிறுத்தச் சொல்லுவேன், சத்தம் ஆகாதுன்னு. நிறுத்திட்டு எட்டி எட்டிப் பாத்து ஓட்டுவா. இப்ப நெனச்சா எனக்கு என்ன திமிரு பாருங்க. மழையில வைப்பரை நிறுத்தச் சொல்லிருக்கேன். அவளும் நிறுத்திருக்கா."

ஏற்றம் தொடங்கியது. வாத்தியாரம்மா முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு ராடை இழுத்தார்.

தெய்வசிகாமணியின் முழங்கால் தானாகக் கதவுப் பக்கம் விலகியது.

அடுத்த வளைவில் மறுபடியும் விலகியது.

"ஏனுங்ணா காலை இழுத்துக்கறீங்க?"

"பழக்கமுங்க. கியர் போடும்போது அவ கை முட்டில படும். எடஞ்சலா இருக்கக் கூடாதுன்னு எடுத்துக்குவேன்."

"எடஞ்சல்னு அவங்க சொன்னாங்களா?"

"அவ எதுங்க வாயத் தொறந்து சொன்னா? ஊரு கேலி பண்ணுனா பதிலுக்குப் பதில் பேசுவா. வூட்டுக்குள்ள வந்தா சாப்பாடு ஆச்சா, கதவைச் சாத்தியாச்சா, அவ்வளவுதான். நானும் அப்படித்தான். பேசத் தெரியாம வளந்துட்டோம்."

கார் வளைந்து ஏறியது. அவர் கீழே தெரிந்த ஊரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"இத்தனை வருசம் என்னை ஏத்தி எறக்கினா. கடைக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. என்னைக் கூட்டிட்டுப் போறது அவளுக்குப் புடிச்சுதா, இல்ல இந்த ஆளையும் சேத்துச் சுமக்கணுமேன்னு சுமந்தாளான்னு எனக்குத் தெரியலீங்க. கடைசி வரைக்கும் கேக்கல. இப்ப இந்த வண்டி நான் ஓட்டுனா மக்கர் பண்ணுது. ராடு என் கைக்கு வராம அந்தப் பக்கமே போயி நிக்குது. அவளே என்னைத் தள்ளி விடற மாதிரி இருக்குது. அதுதான் கோவம். போதுங்களா?"

வாத்தியாரம்மா காரை ஓரமாக நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிளச்சை மிதித்துக்கொண்டு கியர் குமிழை முதல் கியருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து இரண்டாவதுக்கு. மறுபடி முதலாவதுக்கு. கண்ணை மூடிக்கொண்டு செய்தார்.

"இந்த வண்டி முன்னாடி என்ன கலருங்ணா?"

"பச்சை. ரிட்டையர் ஆன வருசம் வெள்ளை அடிச்சா. ஏனுங்க?"

"ஒண்ணுமில்ல."

வாத்தியாரம்மா காரைத் திருப்பிக் கீழே இறக்கினார். தெய்வசிகாமணிக்குத் தாம் அதிகம் பேசிவிட்டோமோ என்று வெட்கமாக இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஷெட்டுக்கு வந்ததும் வாத்தியாரம்மா ஸ்பானர் எடுத்தார். ராடின் அடியைச் சுற்றியிருந்த ரப்பர் உறையை மேலே உருட்டினார். டார்ச்சை அவர் கையில் கொடுத்தார்.

"பாருங்க."

தெய்வசிகாமணி குனிந்து பார்த்தார். ராடின் நடுவில் ஒரு துண்டு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தது. அந்த இடத்திலிருந்து ராடு லேசாக இடது பக்கம் சாய்ந்து போனது.

"ஒடஞ்சு ஒட்ட வெச்சதுங்களா?"

"இல்லீங்ணா. கம்பெனியில வந்த ராடு இதை விடக் குட்டை. நேராவும் இருக்கும்."

"அப்புறம் இது?"

"நான் வெச்ச வெல்டிங். என்கிட்ட வர்ற அத்தனை பேரும் ராடைக் கொறைக்கத்தான் வருவாங்க. நீட்டித் தாங்கன்னு வந்தவங்க ஒருத்தரே ஒருத்தருதான். பச்சை வண்டி. கழுத்துல விசில் மாட்டிட்டு ஸ்கூல்ல இருந்து நேரா வந்தாங்க. பேரு கேக்கல. அது உங்க வூட்டுக்காரம்மான்னு இன்னைக்கு இந்தக் குமிழ்ல கையை வெச்ச பொறவுதான் தெரிஞ்சுது."

தெய்வசிகாமணி டார்ச்சை வெல்டிங்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அவளுக்கு மணிக்கட்டு வலி உண்டுங்க. பந்து போட்டுப் போட்டு வந்தது. நீளமா இருந்தா வெரலால தள்ளுனாப் போதும்னு இப்பத்தான் சொன்னீங்க. அதுக்காக இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நேரா நீட்டித் தர்றேன்னேன். நேரா வேண்டாம், அந்தப் பக்கமா வளைச்சுக் குடுங்கன்னாங்க. வளைச்சா ஓட்டறவங்களுக்கு எட்டாதே, கையை நீட்டி நீட்டிப் போடணுமேன்னு சொன்னேன். நீட்டிக்கறேன்னாங்க. நான் விடல, சண்டையே போட்டேன். கெட்ட வேலை பண்ணித் தந்தா என் பேருதானே கெடும். அவங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. வளைக்காம எந்திரிக்க மாட்டேன்னுட்டாங்க."

தெய்வசிகாமணி காருக்குள் பார்த்தார். குமிழ் இடது பக்க சீட்டை ஒட்டி நின்றது.

டார்ச்சை அணைத்தார்.

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேனுங்ணா."

"என்ன சொன்னா?"

வாத்தியாரம்மா ரப்பர் உறையைப் பழையபடி கீழே இறக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"'எங்கூட்டுக்காரரு ரொம்பத் தள்ளி உக்காந்துக்கறாருங்க'ன்னாங்க."