யானை புகாத ஊசிச் சந்து

வேங்கைக்கோட்டை என்று ஒரு தலைநகரம். அதன் நட்டநடுவில் ஊசிச் சந்து. ஒரு பக்கம் கோயில் மதில், மறுபக்கம் ஒரே வரிசையாக வீடுகள். இந்த முனையில் கடைவீதி, அந்த முனையில் ஆற்றுப் படித்துறை. எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவர் பக்கத்து வீட்டு வாசலில் ஏறி வழிவிட வேண்டும். ஏறியவர் மோர் குடிக்காமல் இறங்க முடியாது.

வீட்டுக்கு வீடு சுவர் பொது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘தீர்க்காயுசு’ என்பார்கள். அதற்கடுத்த வீட்டில் சுக்குத் தட்டத் தொடங்கியிருப்பார்கள்.

அரசவையில் விகடம் பேசிப் பிழைத்த மருதப்பன் குடியிருந்தது அங்கேதான்.

மந்திரி அம்பலவாணருக்கு அந்த இடத்தின் மேல் வெகுநாளாக ஒரு கண். சந்து வீடுகளை இடித்துவிட்டு ஆற்றோரமாகத் தனக்கொரு நந்தவனம் போடவேண்டும். ஆசையை அப்படியே சொல்வாரா? மந்திரி ஆயிற்றே! ஒரு நாள் சபையில் கண் கலங்கினார்.

“அரசே, நம் மக்கள் மூச்சுவிட இடமில்லாமல் தவிக்கிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.”

அரசர் செங்கோட பூபதி நல்லவர். கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதைச் செய்வார். “என்ன செய்யலாம்?” என்றார்.

“ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே யானை ஒன்று உரசாமல் போக வேண்டும். போகாவிட்டால் அந்த வீடுகளை இடித்துவிட்டு, குடியிருப்பவர்களைக் கரட்டுமேட்டுக்கு அனுப்பிவிடலாம். அங்கே எவ்வளவு காற்று!”

கரட்டுமேட்டில் காற்று மட்டும்தான் உண்டு. கிணறு கிடையாது. உப்பு வாங்க வேண்டுமென்றால் கட்டுச்சோற்றோடு கிளம்ப வேண்டும். அரசர் தலையாட்டிவிட்டார். மந்திரி மருதப்பனைப் பார்த்துச் சிரித்தார். “என்ன மருதப்பா, பெருச்சாளி வளையிலிருந்து உனக்கும் விடுதலை!”

மருதப்பன் சபையிலிருந்து வீட்டுக்கு ஓடினான். தண்டோராச் சத்தம் அவனுக்கு முன்னால் சந்துக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை யானை வருமாம்.

“நான் எங்கேய்யா போவேன்?” என்று பூக்காரி செண்பகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “காலையில எழுந்தா கோயில் வாசல்ல கடை. கரட்டுமேட்டுல யாருக்குப் பூ விக்கிறது, கள்ளிச் செடிக்கா?”

மருதப்பன் தண்டோராக்காரனைக் கூப்பிட்டு, கட்டளையை இன்னொரு முறை சொல்லச் சொன்னான். பிறகு இன்னொரு முறை. கேட்கக் கேட்க அவன் முகம் தெளிந்தது.

“கொத்தர் இருளப்பன் எங்கே? கடப்பாரையோடு வரச் சொல்லுங்கள். நாமே இடிப்போம்.”

“மருதப்பனுக்கு மூளை கலங்கிப் போச்சு” என்றார்கள். விஷயத்தைக் கேட்டபிறகு ஆளுக்கொரு கடப்பாரை எடுத்தார்கள். செண்பகம் மட்டும் முணுமுணுத்தாள்: “சுவர் இருக்கும்போதே பக்கத்து வீட்டு மீன்குழம்பு வாசம் என் வீட்டுலதான் குடியிருக்கு. வழி விட்டா குழம்புக்காரியே வந்துடுவாளே!”

“வரும்போது குழம்போட வர்றேன்டி” என்றது சுவருக்கு அப்பால் ஒரு குரல்.

வெள்ளிக்கிழமை பட்டத்து யானை, அதன் பின்னால் அரசர், அவர் பின்னால் இடிக்கிற ஆட்களோடு மந்திரி. சந்து முனையில் மருதப்பன் கைகூப்பி நின்றான்.

“அரசே, எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்.”

உள்ளே போனார் அரசர், பின்னாலேயே மந்திரியும் ஆட்களும். கூடத்தைத் தாண்டினால் சுவரில் ஒரு வாசல்; அதற்குள் இன்னொரு வீடு. அங்கே தொட்டிலில் குழந்தை. அடுத்த வாசலில் தறி. அதற்கடுத்து அடுப்பில் பணியாரம். ஒன்று அரசர் கைக்கு வந்தது. அப்புறம் மீன்குழம்பு. இப்படியே போய்க் கடைசி வாசலைத் தாண்டினால், எதிரே படித்துறை!

“எவ்வளவு பெரிய வீடு!” என்றார் அரசர், ஏப்பம் விட்டபடி.

“ஒரே வீடு, அரசே. அடுத்த வீடு என்று ஒன்று இருந்தால்தானே நடுவே யானை போக?”

மந்திரிக்கு முகம் சிவந்தது. “மோசடி! இத்தனை அடுப்பு எரிகிறது, ஒரே வீடா?”

“தங்கள் மாளிகையில் தாங்களும் தம்பிமாரும் பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனி அடுப்பு எரிக்கிறீர்கள். அது ஒரு வீடுதானே, மந்திரி? இங்கே ஒருவருக்கொருவர் குழம்பாவது கொடுத்துக்கொள்கிறோம்.”

இடிக்கிற ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான்.

“கட்டளை ஊருக்கே பொதுதானே, அரசே?” என்றான் மருதப்பன். “யானையும் வந்துவிட்டது. ஊரையே அளந்துவிடலாம். அரண்மனையிலிருந்து தொடங்கினால் மரியாதையாக இருக்கும்.”

அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. போனார்கள். அரண்மனையை யானை சுற்றி வந்தது. மேற்கு மூலையில் நின்றுவிட்டது. அங்கே அரண்மனைச் சுவரில் முதுகைச் சாய்த்தபடி ஒரு மாளிகை. நடுவே யானை என்ன, எலியே நசுங்கும். அது மந்திரியின் மாளிகை! எல்லோருக்கும் முந்தி அரசர் காதில் ஓதுவதற்காக ஒட்டிக் கட்டியிருந்தார். ஓடி வரச் சௌகரியமாகச் சுவரில் ஒரு சின்னக் கதவும் வைத்திருந்தார்.

இடிக்கிற ஆட்கள் பழக்கதோஷத்தில் கடப்பாரையை ஓங்கினார்கள்.

“நிறுத்துங்கள்!” என்று மந்திரி பாய்ந்தார். “இதோ பாருங்கள், சுவரில் கதவு! மருதப்பன் சொன்ன அதே கணக்குதான். இரண்டும் இரண்டல்ல, ஒரே வீடு!”

கடப்பாரைகள் இறங்கின. அரசரின் புருவங்கள் ஏறின.

“ஒரே வீடா?” என்றார் மெதுவாக. “யாருடைய வீடு, மந்திரி?”

மந்திரி அந்தக் கதவை முதுகால் மறைத்துக்கொண்டார்.

மருதப்பன் முன்னால் வந்து பணிவாகக் குனிந்தான்.

“அவரைக் கோபிக்க வேண்டாம், அரசே. தாங்கள் மந்திரி வீட்டில்தான் குடியிருக்கிறீர்கள் என்பது எங்களுக்கெல்லாம் முன்பே தெரியும். தங்களிடம் சொல்லத்தான் ஆளில்லை.”

அரசர் சிரித்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டளையை அங்கேயே ரத்து செய்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார்.

மந்திரியின் மாளிகையை யாரும் இடிக்கவில்லை. அந்தச் சின்னக் கதவை மட்டும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அரண்மனைப் பெருவாசலில் மனு கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால், தலைப்பாகையைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அம்பலவாணர் நின்றார்.